சட்டைப் பையில் இருந்த சிவப்புச் சாவி

வாக்குமூலம் அளிப்பவர்: ஊரில் மீட்டர் என்று அழைக்கப்படுபவர். வயது நாற்பத்தாறு. தொழில் வாகனங்களுக்கு மின்வேலை. இருப்பிடம் சந்தைச் சாலையில் டயர் கடைக்கு அடுத்த ஷெட்டின் மாடி. இறந்தவருக்கு மனைவியின் தம்பி. இந்த வழக்கில் இவர் அளிக்கும் இரண்டாவது வாக்குமூலம் இது.

நான் மேற்படி இடத்தில் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். எந்த வண்டி வந்தாலும் முதலில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன் என்பதால் எனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் என் தெருவிலேயே கையை விரிப்பார்கள். ஏழு நாட்களுக்கு முன்பு இதே நிலையத்தில் இதே மேசையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில், இறந்தவரின் வண்டியில் நான் செய்த வேலையெல்லாம் முறைப்படி இருந்தது என்று சொல்லியிருந்தேன். அது பொய். இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்குத் துணிச்சல் போய்விடும் என்று ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் சரி என்றார்.

என் அக்காவின் கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மேட்டில் பழத்தோட்டம் வைத்திருந்தார். தோட்டம் சரிவில் இருப்பதால் டிராக்டர் ஏறாது. அதனால் கூடைகளை இறக்குவதற்கு ஏடிவி என்கிற நான்கு சக்கர வண்டி ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கினார். மோட்டார் சைக்கிள் போல ஹேண்டிலும் சீட்டும் இருக்கும், டயர் மட்டும் பெரிது. வண்டி நல்ல வண்டிதான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து அத்தான் அதைச் சும்மா விடவில்லை. முதலில் முன்னால் ஒரு நீள விளக்கு, அதன் பிறகு பெரிய ஹாரன், அதன் பிறகு போன் சார்ஜர், பாட்டுக்கு ஸ்பீக்கர், குளிருக்குக் கைப்பிடியைச் சூடாக்கும் சுருள், கடைசியாக முன்பக்கம் ஒரு வின்ச். வின்ச் என்பது கம்பிக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார். வண்டி சேற்றில் மாட்டினால் கயிற்றின் கொக்கியை ஏதாவது தூணில் மாட்டிவிட்டு, வயரில் தொங்கும் கைச் சுவிட்சை அழுத்தினால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும். இவ்வளவையும் அவர் யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துத் தானே பொருத்தினார். அக்கா அந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம், "எனக்குக்கூட இவ்வளவு பூட்டிப் பார்த்ததில்ல" என்பாள். அத்தான் சிரித்துக்கொண்டே இன்னொரு பெட்டியைப் பிரிப்பார்.

மழை தொடங்குவதற்கு முன்பு ஒரு காலையில் அந்த வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து என் ஷெட்டில் இறக்கினார். தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்றார். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியின் ஒரே முனையில் ஏழு வயர்களை முறுக்கி வைத்திருந்தார். ஒன்றுக்கும் ஃபியூஸ் இல்லை. "அத்தான், இது வயரிங்கா, தூக்கணாங்குருவிக் கூடா" என்று கேட்டேன். "நீதான் இருக்கியே மாப்ள" என்றார். அதன் பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி இடையில் மீட்டரைக் கோத்து, ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்தேன். வண்டியை அணைத்த பிறகும் சார்ஜரும் ஸ்பீக்கரும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தன. அவற்றை வண்டிச் சாவியோடு சேர்த்து அணையும்படி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வைத்தேன். அந்த வண்டியின் எஞ்சின் தரும் மின்சாரம் இத்தனைக்கும் காணாது, விளக்கையும் வின்ச்சையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள் என்றும் சொன்னேன்.

வின்ச் அதிக மின்சாரம் இழுப்பது. அதைப் பேட்டரியிலிருந்து நேராகத்தான் எடுக்க வேண்டும், வண்டிச் சாவியோடு சேர்க்க முடியாது. அதனால் பேட்டரிக்கும் வின்ச்சுக்கும் நடுவில் ஒரு மெயின் சுவிட்ச் வைத்தேன். அதற்குச் சிவப்பு நிறத்தில் ஒரு தடித்த சாவி உண்டு. திருப்பினால் இணையும், திருப்பி எடுத்தால் துண்டிக்கும். அது என்னிடம் இருந்த பழைய லாரி ஒன்றிலிருந்து நானே கழற்றிச் சுத்தம் செய்து வைத்திருந்த சுவிட்ச். "புதுசெல்லாம் பிளாஸ்டிக், இது நம்ம ரெண்டு பேரையும் தாண்டி உழைக்கும்" என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். அதன் பிறகு அத்தானை வண்டியின் முன்னால் நிறுத்தி, கயிற்றுக்குப் பக்கத்தில் போவதற்கு முன்பு சிவப்புச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், பை காலியாக இருந்தால் கயிற்றைத் தொடக் கூடாது என்று சொன்னேன். அவரை மூன்று முறை செய்து காட்டச் சொன்னேன். மூன்று முறையும் அவர் பையைத் தட்டிக் காட்டினார்.

அதன் பிறகு அவர் அந்தப் பழக்கத்தை ஒரு நாளும் விடவில்லை. அக்காவே என்னிடம் சொன்னாள், சாப்பிட உட்காரும்போதுகூடப் பையில் சாவி இடிக்கிறது, எடுத்து வைக்க மாட்டேன் என்கிறார் என்று.

அதன் பிறகு இரண்டாவது முறையாக, மழை பிடித்த பிறகு, ஹாரன் வேலை செய்யவில்லை என்று கொண்டு வந்தார். ஹாரனின் எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் திரும்ப முடுக்கினேன். நான் வண்டியின் பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான் வாசலில் டயர் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வின்ச்சையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சிவப்புச் சாவியை அவரிடம் வாங்கி மெயின் சுவிட்சில் போட்டிருந்தேன். கைச் சுவிட்ச் சீட்டின் மேல் கிடந்தது. யாரும் தொடவில்லை. அப்போது கயிற்றின் கொக்கி ஒரு சாண் தூரம் தானாக உள்ளே நகர்ந்து நின்றது. அதன் பிறகு கைச் சுவிட்சின் பிளக்கைத் திறந்து பார்த்ததில் உள்ளே தண்ணீர் இருந்தது, கம்பிகள் பச்சை பூத்திருந்தன. யாரும் அழுத்தாமலே உள்ளே வயரும் வயரும் தொட்டு வின்ச் ஓடியிருக்கிறது. நான் காயவைத்து, கிரீஸ் தடவி, டேப் சுற்றினேன். இந்தக் கைச் சுவிட்சை மாற்றுங்கள் என்று அத்தானிடம் சொன்னேன். "சாவிதான் பையில இருக்குமே மாப்ள" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாவியை எடுத்துவிட்டால் கைச் சுவிட்ச் எப்படிப் போனால் என்ன என்று நினைத்தேன்.

அதன் பிறகு மூன்றாவது முறையாக, சம்பவத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, வின்ச் முனகுகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது என்று கொண்டு வந்தார். வின்ச்சுக்குப் பாரம் கொடுத்து அளந்து பார்த்தேன். பேட்டரியில் பன்னிரண்டு வோல்ட் இருந்தது. மெயின் சுவிட்சைத் தாண்டியதும் ஒன்பதுதான் இருந்தது. சுவிட்சைத் தொட்டேன், கை வைக்க முடியாத சூடு. உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன. நான் பெருமையடித்துக்கொண்ட அதே சுவிட்ச்.

பழுது அதுதானா என்று உறுதி செய்வதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சந்தேகப்படும் பாகத்தைத் தாண்டி நேராக இணைத்துப் பார்ப்போம். இரண்டு கேபிள்களின் வளையங்களையும் சுவிட்சிலிருந்து கழற்றி, ஒரே போல்டில் கோத்து, நட்டை முடுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினேன். வின்ச் கனகச்சிதமாக இழுத்தது. சோதனை முடிந்ததும் போல்டை எடுத்துவிட வேண்டும். சுவிட்ச் கெட்டுவிட்டது, புதியது வரும்வரை வின்ச்சைத் தொடாதீர்கள் என்று வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டும். நான் போல்டை எடுக்கவில்லை. சொல்லவும் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்வதாவது: வெட்கமாக இருந்தது. அத்தான் பின்னால் நின்றுகொண்டு டயர் கடைக்காரரிடம், "எங்க வீட்டு மாப்ள கை வச்சா வச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த சுவிட்சே போய்விட்டது என்று அப்போது வாய் வரவில்லை. புதியது ஒன்றை வரவழைத்து, வேறு ஏதோ வேலை என்று வண்டியைக் கூப்பிட்டு, யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சீட்டுக்குக் கீழே இருக்கும் பலகையை மூடிவிட்டு, "சரியாயிடுச்சு அத்தான்" என்றேன். அவர் சிவப்புச் சாவியைத் திருப்பி எடுத்து, என்னைப் பார்த்துப் பையைத் தட்டிக் காட்டினார். அந்தச் சாவிக்கு அப்போது பின்னால் எதுவும் இல்லை. அது சும்மா ஓட்டைக்குள் சுற்றுகிற சாவி. நானும் சிரித்தேன்.

அன்றே புதிய சுவிட்சுக்குச் சொல்லிவைத்தேன். சம்பவத்துக்கு முந்தின நாள் மாலை அது பார்சலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சம்பவத்தன்று காலை பத்து மணி இருக்கும். தோட்டத்தில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, அக்கா என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். மழைத் தண்ணீர் அறுத்த பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டது. அத்தான் கொக்கியைத் தோட்டத்துக் கேட்டின் கான்கிரீட் தூணில் மாட்டினார். கைச் சுவிட்சை அக்காவிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொன்னார். அக்காவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. முந்தின வாரம்தான் அத்தானின் தம்பியின் எதிரிலேயே, "இதுலயே ஒரு நாள் மாட்டிக்கிட்டு நிக்கப்போறீங்க, பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஆனாலும் கூப்பிட்டதும் வந்து நின்றாள். வண்டி பள்ளத்தை விட்டு ஏறி, தூணுக்கு ஓர் ஆள் நீளம் இருக்கும்போது அத்தான், "போதும், விடு" என்றார். அவள் விட்டாள். வண்டி நின்றது. அவர் சிவப்புச் சாவியை எடுத்துப் பையில் போட்டு, பையைத் தட்டினார். அதன் பிறகு கொக்கியைக் கழற்றுவதற்காகத் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் குனிந்தார். அப்போது வின்ச் ஓடியது.

அக்கா விரலை எடுத்துவிட்டேன் என்று கத்தியிருக்கிறாள். வண்டி நிற்கவில்லை. கடைசியில் கைச் சுவிட்சின் வயரைப் பிடித்து அறுத்து எறிந்த பிறகுதான் நின்றது. சத்தம் கேட்டு அத்தானின் தம்பி கீழ் வரிசையிலிருந்து ஓடி வந்தார். அவர் பார்த்தது, தூணில் நசுங்கிக் கிடந்த அண்ணனையும், காலடியில் கைச் சுவிட்ச் கிடக்க நின்றுகொண்டிருந்த அண்ணியையும்தான். அதைத்தான் அவர் உங்களிடம் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர்தான் எனக்குப் போன் செய்தார். "அண்ணன வண்டி அமுக்கிடுச்சு, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். தோட்டம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. ஆனால் வழியில் இருக்கிறதே என்று நான் அங்கே நிற்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே இரண்டு ஸ்பானர்களைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

தோட்டத்தில் யாரும் இல்லை. எல்லோரும் ஆம்புலன்ஸ் பின்னால் போய்விட்டார்கள். வண்டி தூணை ஒட்டி நின்றது. கயிறு இன்னும் விறைப்பாக இருந்தது. தூணின் அடியில் அத்தானின் செருப்பு ஒன்று கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய்ச் சீட்டுக்குக் கீழே உள்ள பலகையைக் கழற்றினேன். டேப்பைக் கத்தியால் வெட்டினேன். போல்டைக் கழற்றி, இரண்டு கேபிள்களையும் பழையபடி சுவிட்சின் முனைகளில் மாட்டி முடுக்கினேன். வெட்டிய டேப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். பலகையை மூடினேன். இதற்கு ஒன்பது நிமிடம் ஆனது. இது எப்படித் தெரியும் என்றால், நான் தோட்டத்துக்கு வந்ததும் அத்தானின் தம்பி போனில் ஒரு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை, பலகையை மூடும்போது இன்னொரு முறை கூப்பிட்டார், எடுத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நிமிடம் என்று போன் காட்டுகிறது. போன் என்னிடம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தான் இறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அக்கா வராண்டாவில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் அவருக்கு நினைவு இருந்ததாம். "சாவிய எடுத்துட்டேனே. மாப்ளயக் கேளு" என்று இரண்டு முறை சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம், "சாவிய எடுத்துட்டா அது ஓடுமா தம்பி" என்று கேட்டாள்.

நான், "ஓடாது அக்கா" என்றேன்.

அவள் என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அவளை யாரும் சந்தேகப்படுவார்கள் என்றும் எனக்கு அன்று தோன்றவில்லை. என்னை யாரும் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணமாக இருந்தது.

அதன் பிறகு மூன்று நாட்களுக்கு முன்பு வாகனப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. மெயின் சுவிட்ச் ஒழுங்காக இருக்கிறது, சிவப்புச் சாவியை எடுத்தால் வின்ச் ஓட வழியே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். அவர் பார்த்தது நான் மாட்டி வைத்ததைத்தான். அவர் மேல் தப்பில்லை. அப்படியானால் சாவி உள்ளே இருக்கும்போதுதான் வின்ச் ஓடியிருக்க வேண்டும், பிறகு யாரோ சாவியை எடுத்து இறந்தவரின் பையில் வைத்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அங்கே இருந்தது அக்கா ஒருத்திதான். அவள் சொன்ன பழைய வார்த்தையும் சேர்ந்துகொண்டது. அன்று மாலையே அவளை விசாரணைக்கு அழைத்து வந்துவிட்டீர்கள்.

நேற்று அவளைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். அக்கா மெலிந்திருந்தாள். தன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். "நான் அழுத்தலன்னுதான் நெனச்சேன் தம்பி. ஆனா நீயே ஓடாதுன்னுட்ட. நீ சொன்னா சரியாத்தான இருக்கும். அப்ப என் விரல்தான் பட்டிருக்கு" என்றாள். சாவியை எப்போது எடுத்தார் என்பதும் இப்போது குழம்புகிறது என்றாள். தன் கை பட்டிருக்கலாம் என்று எழுதிய தாளில் அன்று காலையே கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். தன்னைத் திட்டிக்கொள்ளக்கூட இல்லை, பால் காய்ச்ச மறந்துவிட்டேன் என்பது போலச் சொன்னாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வாசலில் இருந்த காவலர் தண்ணீர் கொடுத்தார்.

நான் சொல்வதை என் வாய்ச் சொல்லாக மட்டும் நம்ப வேண்டாம். அந்த மெயின் சுவிட்சை மறுபடி சோதிக்கும்போது வெறுமனே சோதிக்காமல் வின்ச்சுக்குப் பாரம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள், மூன்று வோல்ட் குறையும். இரண்டு கேபிள் வளையங்களிலும் டேப்பின் பசை ஒட்டியிருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று அழுந்திய தடம் இருக்கும். அறுந்த கைச் சுவிட்சின் பிளக் வண்டியிலேயே இருக்கிறது, பிரித்தால் பச்சை தெரியும். அந்தப் போல்ட் பதினொரு நாளாக என் சட்டைப் பையில் இருக்கிறது. தினமும் சட்டையை மாற்றும்போது அதையும் எடுத்து மாற்றிக்கொண்டேன். சாக்கடையில் போட எத்தனையோ முறை கிளம்பினேன், கை வரவில்லை. இப்போது அதை மேசைமேல் வைக்கிறேன். இழுப்பறையில் இருந்த பார்சலையும் கொண்டு வந்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

ஆய்வாளர் கடைசியாகக் கேட்டதற்குச் சொல்வதாவது: ஆமாம், சாவியை எடுத்த பிறகும் அது ஓடும். நான் போட்ட போல்ட் இருந்தால் ஓடும். அத்தான் நான் சொன்னபடி ஒன்று விடாமல் செய்தார். அக்கா அழுத்தவில்லை.

யாரும் என்னை மிரட்டியோ தூண்டியோ இதைச் சொல்லவில்லை. முதல் வாக்குமூலத்தில் உள்ளதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இதில் உள்ளது நடந்தது. எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள், திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை என் அக்காவுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும்.

(ஒப்பம்) வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில், (ஒப்பம்) நிலைய ஆய்வாளர்

ஒப்படைக்கப்பட்ட பொருள்கள்: நட்டுடன் கூடிய போல்ட் ஒன்று. பிரிக்கப்படாத பார்சல் ஒன்று.

குறிப்பு: அளித்தவரின் வேண்டுகோளின்படி மேற்கண்ட வாக்குமூலம் அன்றே பிற்பகல் இறந்தவரின் மனைவிக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டப்பட்டது. அவர் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் அழுத்தல" என்று மட்டும் சொன்னார். தம்பி பக்கத்து அறையில் இருக்கிறார், பார்க்க வேண்டுமா என்று கேட்டபோது, அவர் மடியில் கவிழ்த்து வைத்திருந்த தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.